கை ஆடினால் பச்சை

வேதியியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அமிலம். பத்தொன்பது வருடமாகப் பத்தாம் வகுப்பைக் கட்டி மேய்த்தவள். யார் பாடத்தில் இருக்கிறார்கள், யார் மனசு மைதானத்தில் ஓடுகிறது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

இந்த வருடம் அந்த வேலையைப் பள்ளி ஒரு கைப்பட்டையிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் ஒன்று. கவனித்தால் சுவரிலிருக்கும் திரையில் பெயர் பச்சையாகும். இல்லையென்றால் சிவப்பாகி, வீட்டுக்கும் போனில் செய்தி போய்விடும். பட்டைக்குத் தெரிந்ததோ ஒன்றே ஒன்று: கை அசைகிறதா, இல்லையா. ஐந்து நிமிடம் அசையாவிட்டால், பிள்ளை தூங்குகிறது என்று தீர்ப்பு எழுதிவிடும்.

ஜன்னலோரம் ஒரு பெண். கன்னத்தில் கை வைத்துக் கேட்க ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை சிலைதான். வகுப்பிலேயே உருப்படியான கேள்வி அவளிடமிருந்துதான் வரும். முதல் வாரம் அவள் பெயர் சிவந்தது. இரண்டாம் வாரம், வீட்டில் வாங்கிய திட்டில் கண்ணும் சிவந்தது.

அமிலம் தலைமையாசிரியையிடம் போனாள்.

"மேடம், அந்தப் பொண்ணு தூங்கல. யோசிச்சுக்கிட்டு இருக்கா."

"மெஷின் பொய் சொல்லுமா டீச்சர்?"

"அதுக்கு யோசிக்கிறதுன்னா என்னன்னே தெரியாதே மேடம்!"

"உங்களுக்குப் புதுசா எது வந்தாலும் ஆகாது" என்று பேச்சை முடித்தார் அவர். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மூன்றாம் வாரம் திரை முழுக்கப் பச்சை. அமிலம் சந்தேகப்பட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நாற்பது கைகளும் விசிறி வீசுவது போல ஆடிக்கொண்டிருந்தன. ஜன்னலோரப் பெண்ணின் கையும்தான். மாதத் தேர்வில் அவள் தாள் பாதி வெறுமையாக வந்தது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"கைய ஆட்டணும் ஆட்டணும்னே நெனப்பு இருக்கு டீச்சர். பாடம் நழுவிப் போயிடுது."

மறுநாள் அமிலம் எல்லோரையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்ப் பட்டைகளைக் கழற்றச் சொன்னாள். கரைசல் குலுக்கும் இயந்திரத்தின் தட்டில் அவற்றைக் குவித்து, சுவிட்சைப் போட்டாள்.

"இனிமே அது கவனிக்கட்டும். நீங்க என்னப் பாருங்க."

நாலு நாள் அங்கேயே நிம்மதியாகப் பாடம் நடந்தது. ஐந்தாம் நாள் தலைமையாசிரியை வாயெல்லாம் பல்லாக ஆய்வகத்துக்கே வந்தார். "நூத்துக்கு நூறு டீச்சர்! மத்தவங்களுக்கு நீங்கதான் பயிற்சி கொடுக்கணும்."

அமிலம் இயந்திரத்தைக் காட்டினாள். அவர் முகம் சுருங்கியது. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "அறிக்கை மேல போயிடுச்சு. இத வெளிய சொல்லி வைக்காதீங்க."

அன்று மாலையே ஆய்வகத்துக்குப் பூட்டு விழுந்தது. பட்டைகள் மறுபடி கைக்கு ஏறின. ஜன்னலோரப் பெண்ணிடம், "நீ ஆட்டாதே, கேளு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சிவப்புச் செய்தி போகும் நாளெல்லாம் அவள் அம்மாவுக்கு அமிலமே போன் செய்தாள்.

"உங்க பொண்ணு இன்னிக்கு நல்லாக் கவனிச்சாம்மா."

"போன்ல வேற மாதிரி வருதே டீச்சர். நான் எத நம்புறது?"

"என்னை நம்புங்கம்மா."

"சரி டீச்சர்" என்றாள் அம்மா. நம்பாதவர்கள் சொல்லும் சரி அது.