ஏழாம் வகுப்பில் பகடை உருட்டிய குற்றம்

இன்று லிங்கராஜபுரம் பஸ்ஸில் என் மாணவி ஒருத்தியின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் நான் பகடை உருட்டவைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

"சூதாட்டம் மிஸ் அது. பசங்களுக்கு அதையா சொல்லித் தர்றது?"

"ரெண்டு பகடையை உருட்டினா கூட்டுத்தொகை ரெண்டை விட ஏழு ஏன் அடிக்கடி வருதுன்னு எண்ணிப் பாக்கறாங்க சார். யாரும் பந்தயம் கட்டல."

"இன்னைக்கு எண்ணுவாங்க, நாளைக்குக் கட்டுவாங்க. நிறுத்திடுங்க."

"நிறுத்த மாட்டேன் சார்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் பேச்சை மாற்ற, பையிலிருந்து சர்ச் திருவிழாவின் குலுக்கல் சீட்டுக் கட்டை எடுத்தார். முதல் பரிசு ஸ்கூட்டர்.

"சரி, ஒண்ணு வாங்கிக்கோங்க மிஸ். உங்க முகத்துக்குக் கண்டிப்பா விழும்."

"மொத்தம் எத்தனை சீட்டு சார் அடிச்சிருக்கீங்க?"

அவர் முகம் சுருங்கியது.

"நேத்து என் பொண்ணும் இதையேதான் கேட்டா."

அப்போதுதான் புரிந்தது, கோபம் பகடை மேல் இல்லை.

நாளை மூன்று பகடை உருட்டப்போகிறோம். எதிர்ப்பவர்கள் கமெண்டில் வரிசையாக வாருங்கள். உங்களை எத்தனை விதமாக வரிசையில் நிறுத்தலாம் என்று என் பிள்ளைகள் எண்ணிச் சொல்வார்கள்.