ஹாரன் அடிக்காத வேன்

ஊர்க்காவலன் வேனை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினான். எஞ்சினை அணைக்கவில்லை. அச்சங்குளம் கிழக்குத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று வண்டி வந்துவிட்டதாகச் சொன்னான். நாலாவது வீட்டில் இன்னும் தூக்குச்சட்டியில் சோறு அடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நிற்கவும் முடியாமல், வேனுக்குப் போய் உட்காரவும் முடியாமல் தெருவில் நடந்தான். பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டு, ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் எட்டரைக்குள் இறக்கிவிட வேண்டும். ஹாரனை ஒரு தடவை அழுத்தினால் எல்லாரும் வந்துவிடுவார்கள். அவனால் அழுத்த முடியவில்லை. நாலு மாதமாக இப்படித்தான்.

பதினோரு வருடம் அந்த வேனை ஓட்டியவன் அவன். நீளமாக ஒன்று, வெட்டினாற்போல் இரண்டு என்று அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வருகிற பெண்கள் உண்டு.

பங்குனியில் ஒருநாள் சாயங்காலம், கம்பெனி வேலிக்கு வெளியே வேனை நிறுத்தியிருந்தான். வேனில் வருகிற பெண்களில் பாண்டிலட்சுமியைத் தவிர எல்லாரும் ஏறிவிட்டார்கள். இரண்டு முறை ஹாரன் அடித்தான். மூன்றாவது முறை அழுத்தியபோது தரை தூக்கிப்போட்டது. முன்கண்ணாடி மடியில் கொட்டியது. புகை விலகியபோது இரண்டு அறைகள் இருந்த இடத்தில் செங்கல்தான் கிடந்தது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். பாண்டிலட்சுமி அதில் ஒருத்தி.

கம்பெனி மறுபடி திறந்த முதல் நாள், பழக்கத்தில் ஹாரனை அழுத்தினான். நெஞ்சு அடித்துக்கொண்டது, வாயில் கந்தக வாடை வந்தது. நினைவு தெளிந்தபோது வேனுக்கு வெளியே வாய்க்காலுக்குள் நின்றிருந்தான். மறுநாள் ஹாரனைத் தொடாமல் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டான். உடம்பு சும்மா இருந்தது. அந்தச் சுகத்துக்காக அடுத்த நாளும் இறங்கினான். அப்புறம் மற்ற வண்டிகளின் ஹாரனும் ஆகாமல் போனது. சாத்தூர் ரோட்டை விட்டுவிட்டுக் காட்டுப்பாதையில் சுற்றினான். பெண்கள் பிந்தி வந்ததற்குப் போர்மேன் அவர்களைத் திட்டினார். வேன் வைத்திருக்கிறவர் வேறு டிரைவர் தேடுவதாகக் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய வேனையே மறுபடி கழுவினான்.

ஒருநாள் வாசலில் ஐஸ் வண்டிக்காரர் ஹாரனை அமுக்கினார். ஐந்து வயது மகள் ஓவியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தாள். வெடித்த அன்று அவள் ஊரிலேயே இல்லை. அம்மாச்சி வீட்டில் இருந்தாள்.

வேலுத்தாய் பிள்ளையை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இவ வெடிச்சதப் பாக்கல. ஒங்களத்தான் தெனமும் பாக்கா," என்றாள் புருஷனிடம்.

அந்த வாரமே விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனான். மனநலப் பிரிவில் கற்பகவல்லி என்ற ஆலோசகர் இருந்தாள். அவனைவிடப் பத்து வயதாவது சின்னவள். தனக்கு ஒன்றுமில்லை, கைதான் வர மாட்டேனென்கிறது என்றான். ஹாரன் அடிக்காமல் இறங்கிப் போகும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். லேசாக இருக்கிறது என்றான்.

"அதுதான்ணே விஷயம்," என்றாள் அவள். "ஹாரனும் வெடியும் ஒரே நேரத்துல வந்துச்சு. உடம்பு ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுக்கிருச்சு. நீங்க இறங்கிப் போனதும் நிம்மதி கிடைக்குது. அந்த நிம்மதிதான் உங்கள மறுநாளும் இறங்க வைக்குது. ஹாரன் அடிச்சும் எதுவும் வெடிக்கலைங்கிறத உடம்பு இன்னும் ஒரு தடவைகூட நின்னு பாக்கலையே."

மகளுடையதும் பழக்கந்தான், ஆனால் அது அப்பாவைப் பார்த்து வந்தது என்றாள். அப்பா மாறுவதைப் பார்த்தால் அவளும் மாறக்கூடும். வந்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடாது என்றும் சொன்னாள்.

அவள் சொன்னபடி வேலுத்தாய் வேனுக்குள் உட்கார்ந்து ஹாரன் அடிப்பாள். அவன் தரிசுக்காட்டின் மறுகோடியில் நிற்பான். நெஞ்சு அடங்கும்வரை நகரக் கூடாது. முதல் நாள் ஓடிவிட்டான். மறுநாள் கருவேலங்கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு நாளும் இருபது முப்பதடி கிட்டே வந்தான். ஒன்பதாம் நாள் வேன் கதவோரம் நின்று கேட்க முடிந்தது.

ஆனால் தன் விரலால் அழுத்த வரவில்லை. ஆலோசகரிடம்கூடச் சொல்லாத ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

பாண்டிலட்சுமியின் தங்கை மாரித்தாயும் அதே வேனில்தான் வேலைக்குப் போகிறாள். ஒருநாள் சாயங்காலம் கம்பெனி வாசலில் மற்றவர்களுக்காகக் காத்திருந்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"நான் ஹாரன் அடிச்சு அவசரப்படுத்தினேன்லா. அதுலதான் அக்கா பதறி வெடிமருந்தத் தட்டிவிட்ருக்குமோன்னு இருக்கு."

மாரித்தாய் வேலிக்கு அந்தப் பக்கம் கைகாட்டினாள்.

"வெடிச்சது பக்கத்து ரூம்லன்னு விசாரணையிலயே சொல்லிட்டாகள்ல," என்றாள். பிறகு, "ஒங்க ஹாரனுக்கு எங்க அக்கா என்னைக்குண்ணே அசைஞ்சிருக்கா? நீங்க எம்புட்டு அடிச்சாலும் தலையச் சீவி, பூவ வச்சு, கடேசி ஆளாத்தான் வருவா. பதினோரு வருசமா அவளத் திருத்த முடிஞ்சுதா ஒங்களால?"

அவள் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள். அவனும் அழுதான். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள்.

மறுநாள் காலை கிழக்குத் தெருவில் ஹாரனை அழுத்தினான், சின்னதாக ஒன்று. சட்டை நனைந்தது. இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நெஞ்சு அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தான். அடங்க இரண்டு நிமிடம் ஆனது. வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், அப்புறம்தான் வந்தார்கள். அவர்களுக்கும் அந்தச் சத்தம் மறந்துபோயிருந்தது.

கம்பெனி வாசலில் இன்னும் அவன் ஹாரன் அடிப்பதில்லை. வருகிற ஐப்பசியில் தீபாவளி வேட்டுச் சத்தத்தில் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஓவியாவை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அழுத்தினான். அவள் ஹாரனைப் பார்க்கவில்லை, அண்ணாந்து அப்பா முகத்தைப் பார்த்தாள். அப்போது அவன் கண்கூடச் சிமிட்டவில்லை என்று வேலுத்தாய் பிறகு சொன்னாள். அவனுக்கு அது நினைவில்லை. பிள்ளை ஒரு காதிலிருந்து கையை எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.