கோச் நின்ற பிணை

மூன்று பக்கம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்த அந்த ஒப்பந்தம் தொண்ணூற்று நான்காம் ஆண்டின் நடுப்பகுதியில் கப்பல் தபாலில் யாழ்ப்பாணத்துக் குருநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. கொழும்பில் ஒரு கம்பனி தன் கூடைப்பந்து அணிக்காக என் தம்பியைக் கேட்டிருந்தது. பகலில் களஞ்சியத்தில் வேலை, மாலையில் பயிற்சி, தங்க இடம், இரண்டு வருடம். கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்திட ஒரு கோடு போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் கடதாசியை வைத்தார்.

ஆறடி மூன்றங்குலம் வளர்ந்த பையன். அப்பா கடலில் செத்தபின் அவனைக் கடலுக்கு விட அம்மா சம்மதிக்கவில்லை. விட்டிருந்தாலும் அப்போது போரால் மீன்பிடிக்க முடியாதபடி கடல் தடைப்பட்டுக் கிடந்தது. அவனுக்குத் தெரிந்தது வளையத்துக்குள் பந்தைப் போடுவது ஒன்றுதான். அதை யாழ்ப்பாணத்தில் அவனைப்போல் செய்தவர்கள் அன்று இல்லை. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. அதே அணிக்கு நான்தான் தலைவன். எத்தனையோ பந்துகளைத் தவறவிட்டவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்.

எங்கள் கோச் கரவெட்டி ஆள். அரச கந்தோரில் வேலை கிடைத்து எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் குடியிருந்தார். அணிக்கு இருந்தது ஒரே ஒரு பந்து. சைக்கிள் கடையில் ஒட்டி ஒட்டி ஒரு பக்கம் புடைத்துப்போய், தரையில் தட்டினால் நினைத்த இடத்துக்கு வராது. அதனால் அவர் முதல் ஒரு மணித்தியாலம் பந்தே இல்லாமல் எங்களை ஓட விடுவார். "பந்து வைச்சிருக்கிறவனை எல்லாரும் பாப்பினம். மற்ற நாலு பேரும் எங்கை நிக்கிறியள் எண்டதைத்தான் நான் பாக்கிறன்" என்பார். பாராட்டி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பயிற்சி முடிந்தபின் அவருடைய மனைவி தரும் பனங்கட்டித் தேநீர்தான் எங்களுக்குக் கிடைத்த பாராட்டு. பிள்ளைகள் இல்லாத அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம்.

ஒப்பந்தம் வருவதற்குச் சில கிழமைக்கு முன் நடந்த இறுதி ஆட்டத்தில் தம்பி தனியாக நின்றவர்களைப் பார்க்காமல் தானே எறிந்துகொண்டிருந்தான். இடைவேளைக்குப் பிறகு கோச் அவனை வெளியே இருத்திவிட்டார். ஒரு புள்ளியால் தோற்றோம். கடைசி நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம், அவர் அசையவில்லை. தம்பி ஜேர்சியைக் கழற்றி அவர் காலடியில் எறிந்துவிட்டு வந்து, "அந்தாளின்ரை முகத்திலை இனி முழிக்க மாட்டன்" என்றான். சொன்னபடியே பயிற்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டான்.

ஒப்பந்தம் வந்தால் மட்டும் போதுமா? குடாநாட்டை விட்டு வெளியே போக, அப்போது அதை வைத்திருந்த இயக்கத்திடம் பாஸ் வாங்க வேண்டும். இளம் ஆட்களுக்கு அது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் மூன்று மாதத்துக்குத்தான். அதற்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது, இன்னொருவருக்குப் பிணை நிற்கவும் முடியாது. கலியாணம் செய்யப்போய்த் திரும்பாத தங்கைக்கு நான் ஏற்கனவே பிணை நின்றவன். சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோருக்கும் அன்று பார்த்துத் தலையிடி. கடைசியில் வெட்கத்தை விட்டுத் திருநெல்வேலிக்குச் சைக்கிளை மிதித்தேன்.

"எத்தினை நாளைக்குக் கேட்டிருக்கிறாங்கள்?" என்று கோச் கேட்டார்.

"மூண்டு மாசந்தான் சேர். ஒரு சுற்றுப்போட்டிக்கு மட்டும்."

இரண்டு வருட ஒப்பந்தம் என் சட்டைப் பையில் இருந்தது. அவர் காட்டச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து, பிணைப் படிவத்தை முழுக்க வாசித்துக் கையெழுத்திட்டார். "அண்டைக்கு நான் அவனை வெளியிலை இருத்தினது விளையாட்டுக்காக. அவன்ரை வாழ்க்கையைக் கெடுக்கிறதுக்கு இல்லை" என்றார். தம்பி கிளாலிக் கடலால் வள்ளத்தில் போனான். மூன்று மாதம் முடிந்தது. அவன் வரவில்லை. வரமாட்டான் என்று அம்மாவுக்கும் எனக்கும் முதலே தெரியும். கொழும்பில் அவன் அணி வென்றுகொண்டிருந்தது. பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி அனுப்பியிருந்தான்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயத்தில் வால்வு பழுது, கொழும்பில்தான் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் கடிதம் கொடுத்தார். அக்காவுக்குப் பாஸ் தரத் தயாராக இருந்தார்கள். பத்தடி நடக்க முடியாதவரை வள்ளத்தில் ஏற்றிக் கூட்டிப்போகக் கோச்சை விட்டால் ஆளில்லை. அவருக்குப் பாஸ் மறுத்துவிட்டார்கள். "நீங்கள் பிணை நிண்டவர் வரட்டும், பிறகு பாப்பம்" என்பதுதான் பதில். எத்தனை முறை போனாலும் அதே வாங்கில் காத்திருப்பு, அதே பதில்.

ஒரு மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "தம்பி, அவனுக்கு ஒரு காயிதம் எழுது. ஒரு கிழமைக்கு வந்து முகத்தைக் காட்டினால் காணும். இவவைக் கொண்டுபோய்ச் சேத்துப்போடுவன்" என்றார்.

"ஓம் சேர், இண்டைக்கே எழுதுறன்" என்றேன்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று, "அவன் வந்தால் பிறகு விடுவாங்களோ?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். கடிதம் போனால் அவன் வந்துவிடுவான் என்பதும் தெரியும். கோபக்காரன்தான், ஆனால் அக்காவின் தேநீரைக் குடித்து வளர்ந்தவன். பேனையை மூடி வைத்தேன். கோச் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் எழுதிவிட்டேன், பதில் இல்லை என்றேன். மூன்றாவது முறை அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. என்னைக் கூச்சப்பட வைக்கிறோமே என்று அவர்தான் கூச்சப்பட்டார்.

அக்கா ஆவணியில் செத்துப்போனார். செத்தவீட்டில் நான் ஒரு மூலையில் நின்றேன். கோச் தேடிவந்து என் கையைப் பிடித்தார். "நீ எழுதினனீதானே. அவன் வராததுக்கு நீ என்ன செய்யிறது?" என்றார். என்னை அடித்திருக்கலாம். இரண்டு மாதத்தில் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்துக்குள் அவர் ஒரு பையோடு தனியாகப் போவதைக் கண்டேன். அவர் என்னைக் காணுமுன் வேலியோரமாக ஒதுங்கினேன்.

போர் நிறுத்தத்தில் கொழும்புப் பாதை திறந்து சில வருடங்களுக்குப் பின் தம்பி வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வந்ததும் முதல் வேலையாகக் கோச்சைப் பார்க்கவேண்டும் என்றான். அக்காவுக்காகக் கோச் அவனைக் கூப்பிட்ட கதையை நான் அவனிடம் சொன்னதேயில்லை. புதுப் பந்து ஒன்று வாங்கி வந்திருந்தான். நானும் கூடப் போனேன். போகாமல் இருக்கத் துணிவில்லை. திருநெல்வேலிக்குத் திரும்பியிருந்த கோச் கதவைத் திறந்தார். தம்பியை அடையாளம் கண்டுகொண்டார். என்னைப் பார்த்து மட்டும் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தம்பி பந்தைக் கையில் வைத்தபடி வாசல் படலையடியில் நின்றான்.

"நான் என்ன அண்ணை செய்தனான்?"

"ஆளுக்கு வயது போயிட்டுது. மறதி" என்றேன்.

அவன் நம்பினான்.