அடிவாரத்து மில் சங்கு

ஏற்காடு மலை ஏறும் முன் எங்கள் சுற்றுலா பஸ் அடிவாரத்துப் பழைய நூல் மில்லில் நிற்கிறது. மில் மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது சுண்ணாம்பு பூசி, 'உழைப்பின் மௌன சாட்சி' என்று பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பலகை என்றால் கடைசி எழுத்துவரை படித்தாக வேண்டும். படித்து முடிப்பதற்குள் மௌன சாட்சி காது கிழிய அலறுகிறது. ஷிப்டுக்கு ஆள் கூப்பிட்ட பழைய சங்கைப் பழுதுபார்த்து, டூரிஸ்ட் பஸ் வரும்போதெல்லாம் ஊதுகிறார்களாம்.

"வீடியோ எடுக்காதவங்களுக்கு இன்னொருக்கா ஊதட்டுங்களா?" என்கிறார் வழிகாட்டி.

எதிரே தொழிலாளர்களின் லைன் வீடுகள். அவற்றையும் பாதுகாக்கிறார்கள், உள்ளே ஆள் குடியிருப்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். ஒரு கதவு திறக்கிறது. நைட்டிமேல் துண்டு போட்ட அக்கா ஒருவர் வெளியே வருகிறார். ஏற்காட்டு லாட்ஜில் ராத்திரி வேலை முடித்து வந்து இப்போதுதான் கண் அசந்தாராம்.

"ஏனுங்க, மில்லுக்குத்தான் எப்பவோ சங்கு ஊதியாச்சே. இப்ப எனக்கு ஊதறீங்களா?"

வழிகாட்டியின் கை சுவிட்சிலேயே இருக்கிறது. "டூரிஸ்ட்டுங்க கேக்கறாங்கக்கா."

"யாரும் கேக்கலைங்க. நான் வீடியோ எடுத்துட்டேன், எல்லாருக்கும் அனுப்பறேன்" என்று கூசாமல் பொய் சொல்கிறேன்.

"நல்லா இரு கண்ணு. நொம்ப அசதியா இருக்குது" என்று அக்கா கதவைச் சாத்திக்கொள்கிறார்.

எங்களைக் கூப்பிட டிரைவர் ஹாரனில் கை வைக்கிறார். அடிக்க வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடுகிறேன்.