தாடி கழுவிய ஆடுகள்

"சனிக்கிழமை வந்த ஆட்டிறைச்சியில் காறிய தேங்காய் எண்ணெய் வாடை. இன்னொரு முறை இப்படி வந்தால் இனிக் கம்பளை ஊர் வியாபாரியிடம் வாங்கவும்."

1932 மார்ச்சில் விடுதி மேலாளர் துரை எனக்கு அனுப்பிய துண்டுச் சீட்டில் இருந்தது இது. அப்போது நான் கண்டியில் அந்த விடுதியின் ஸ்டோர் கீப்பர்.

இறைச்சி தந்தவர் திகன ஊர் ஆட்டு வியாபாரி அன்வர் நானா. புல் மட்டுமே மேய்ந்த ஆடு தருவதாகப் பேச்சு. எங்களை விட்டால் அவருக்கு வேறு பெரிய வாடிக்கை இல்லை.

"வல்லாஹி, புல்லத் தவிர வேற ஒண்டும் குடுக்கல்ல, ஸ்டோர் ஐயா," என்று அல்லாஹ் பேரில் சத்தியம் செய்தார்.

நான் நம்பவில்லை. அந்த ஆட்டின் குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை, சுற்றி விரல் தடிப்பில் கொழுப்பு இருந்தது. நடந்து மேயும் ஆட்டுக்கு அவ்வளவு சேர்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, யாருக்கும் சொல்லாமல் குண்டசாலைக் கிராமத்துக்குப் போனேன். அங்கே நானாவின் ஆடுகளைப் பங்கு வாரத்துக்கு வளர்த்தவள் முத்தம்மா. ஆடு விற்றால் பாதி அவளுக்கு.

"என்ன தீனி போடுறீங்க?"

"புல்லுதாங்க. இதுகளுக்கு என்ன, புரியாணியா போடுவோம்?"

மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. ஆனால் எல்லா ஆட்டின் தாடியிலும் ஈரம்.

"இப்பதான் தண்ணி குடிச்சிச்சுங்க."

"எல்லாம் ஒரே நேரத்திலயா?"

கொட்டிலின் பின்னால் கட்டியிருந்த கிடாயின் தாடி மட்டும் காய்ந்திருந்தது. விரலால் கோதினேன். தேங்காய்ப் புண்ணாக்குத் துகள் உதிர்ந்தது. முகர்ந்தால் அதே காறல் வாடை.

முத்தம்மா தலை குனிந்தாள். "எடை கூடட்டும்னுதாங்க. நானா பாத்தா வைவாரு, அதான் தெனமும் கழுவி விடுறது."

நானாவை அழைத்துவந்து காட்டினேன். கத்தினார்: "ஆட்டுத் தாடியக் கழுவி, என்ட தாடியில சேத்தப் பூசிட்டியே!"

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தொரைக்கிட்ட சொல்லிராதீங்க. அறுக்க மூண்டு கிழமைக்கி முந்தி புண்ணாக்க நிப்பாட்டினா வாடை போயிரும்."

எல்லா ஆடுகளையும் புல்லில் மட்டும் விடச் செய்தேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், விடுதியில் ஆட்டிறைச்சி இல்லை. துரையிடம் ஏதோ சாக்குச் சொன்னேன். அதன்பின் வந்த இறைச்சியில் வாடை இல்லை, பதமும் நன்றாக இருந்தது. கம்பளைப் பேச்சை துரை எடுக்கவில்லை.

ஸ்டோர் வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புண்ணாக்கு குற்றமில்லை, பழைய புண்ணாக்கைக் கடைசி நாள்வரை கொடுப்பதுதான் இறைச்சியைக் கெடுக்கும். சத்தியத்தைக் கேட்குமுன் தாடியைப் பாருங்கள்.

புல்லைத் தவிர ஒன்றும் கொடுத்தறியாத நானாவுக்கு அந்த மூன்று கிழமைக் கணக்கு எப்படித் தெரிந்தது? நான் கேட்கவில்லை. முத்தம்மா புண்ணாக்குப் போடுவது அவருக்கு முன்பே தெரியும் என்பது என் சந்தேகம் மட்டுமே. இன்றுவரை உறுதி செய்யப்படாதது.