திட்டுவதற்கு ஓர் ஆள்

இனெஸ்ஸா குர்விச்சுக்கு வாயே கிடையாது என்று எங்கள் எபிரேய வகுப்பில் பேசிக்கொள்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் வாயில் கொள்ளியை வைக்க! மொகிலேவ் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் பிரசவம் பார்த்தவள் அவள். ரஷ்ய மொழியில் ஓர் அதட்டல் போட்டால் வயிற்றுப் பிள்ளை தானாகத் திரும்பிப் படுக்கும். எபிரேயத்தில்தான் நாக்கு எழவில்லை. அதனால் நாடு விட்டு வந்து குடியேறிய கர்மியேல் ஊரில் மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஓர் இடம் காலியானது. மொழிப் பரீட்சையில் தேறி ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நின்றால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் அடுத்தவளுக்கு. எழுத்துப் பரீட்சையை எப்படியோ தாண்டிவிட்டாள். வியாழக்கிழமை வாய்மொழிப் பரீட்சை.

எங்கள் பழைய ஊரில் வாய்மொழிப் பரீட்சை என்றால் மேஜையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து, அதிலிருக்கும் தலைப்பை நின்றபடி மூச்சுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். நிறுத்தினால் போச்சு. இனெஸ்ஸா இங்கேயும் அதையே செய்தாள். குடும்பம், ஊர், தொழில், பண்டிகை என்று தலைப்புக்கொரு பேச்சு எழுதி, துடைப்பமும் கையுமாக உருப்போட்டாள். “ஒப்பிக்காதீங்க, பேசுங்க” என்று எங்கள் டீச்சர் டாஃப்னா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே!

அன்று தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அடுத்தது என் முறை. அவள் என் கையைப் பிடித்தாள்.

“ஃபிரா, நான் உள்ள போனதும் நீ திட்டணும்.”

இது எங்கள் பழக்கம். பரீட்சைக்குப் போனவள் வெளியே வரும்வரை வீட்டு மனுஷர் யாராவது அவளைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் தேறுவாள். நம்புகிறோமோ இல்லையோ, யாரும் அதை விடுவதில்லை.

“போரியா இருந்தா அவனே திட்டியிருப்பான்” என்றாள். போரியா அவள் புருஷன். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டான். எனக்கும் இங்கே ஒருவரும் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்தோம்.

“எபிரேயத்துலயே திட்டு. இந்த ஊர்ப் பரீட்சைக்கு நம்ம ஊர்த் திட்டு பலிக்குமோ என்னமோ.”

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காய்கறிச் சந்தையில பொறுக்கினதுடி. காது கூசும்.”

“கூசட்டும்.”

உள்ளே போனாள். பாலைவனக் காற்று அனலாக அடித்ததால் கதவைச் சரியாக மூடவில்லை. பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்த அவ்ஷலோம் காலில் செருப்போடு, காபி கிளாஸும் கையுமாகச் சாய்ந்திருந்தார்.

“உக்காரும்மா. என்ன வெக்கை! காலையில ஏதாவது சாப்பிட்டியா?”

அடப்பாவி, இந்தத் தலைப்பு அவளிடம் இல்லையே!

இனெஸ்ஸா உட்காரவில்லை. “நான் அழகிய மொகிலேவ் நகரத்தில் பிறந்தேன். அதன் நடுவே பெரிய நதி ஓடுகிறது” என்று தொடங்கினாள்.

“நதி ஓடட்டும். நீ பஸ்ல வந்தியா, நடந்து வந்தியா?”

அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்: “நான் அழகிய மொகிலேவ் நகரத்தில் பிறந்தேன்...”

நான் முணுமுணுப்பாகத் திட்டத் தொடங்கினேன். மூன்றாவது தடவையும் அவள் நதிக்கரைக்கே போனாள். அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு! என் குரல் என் கட்டுப்பாட்டில் இல்லை.

“இனெஸ்ஸா, கழுதை! அழுகின தக்காளி! மரமண்டை! உன் மூஞ்சியில என் செருப்பு!”

கதவு படாரென்று திறந்தது. அவ்ஷலோமின் முகம் சிவந்திருந்தது.

“யாரு நீ? பரீட்சையில இருக்கிறவளை வாசல்ல நின்னு அசிங்கப்படுத்துறியா? காவல்காரரே, இந்தப் பொம்பளையை வெளிய தள்ளுங்க!”

காவல்காரன் வந்து என் கையைப் பிடித்தான்.

“விடு அவளை!”

யார் குரல் என்று திரும்பினேன். இனெஸ்ஸா! எபிரேயத்தில்!

“நான்தான் திட்டச் சொன்னேன்! திட்டினாத்தான் பாஸாவேன்!”

“இது என்ன பைத்தியக்காரத்தனம்?” என்றார் அவர்.

“உங்களுக்குப் பைத்தியக்காரத்தனம். என் நர்ஸ் பரீட்சையப்போ என் புருஷன் தெருவுல, பனியில நின்னு திட்டினான். நான் பாஸானேன். இப்ப அவன் மண்ணுக்குள்ள இருக்கான். என்னைத் திட்ட உலகத்துலயே இவ ஒருத்திதான் மிச்சம். இவளையும் துரத்துறீங்களா?”

ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பிக் கிடந்தது. அவள் நிறுத்தவில்லை. அவ்ஷலோம் காவல்காரனுக்குக் கையைக் காட்டினார். அவன் பிடியை விட்டான்.

“எங்கம்மா மொராக்கோக்காரி” என்றார் மெதுவாக. “கண்ணு பட்டுடும்னு கடைசிவரை என்னை அசிங்கம் புடிச்சவனேன்னுதான் கூப்பிடுவா.”

“நல்ல அம்மா. எத்தனை பிள்ளை பெத்தாங்க?”

“ஒம்போது.”

“எல்லாம் வீட்டுலயா? மருத்துவச்சி யாரு?”

அவ்வளவுதான். அவர் கேட்க, அவள் அதட்ட, அவர் மறுக்க, அவள் குறுக்கே விழ, அவருடைய அம்மாவின் ஒன்பது பிரசவமும் அந்த வாசற்படியிலேயே நடந்தேறியது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கும் வேலையையும் அவள் சொல்லிவிட்டாள். காபி ஆறிப்போனது. கடைசியில் அவர் தாளைக் கதவின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

“ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போ. ஆனா அந்த நதியை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே.”

இனெஸ்ஸா தாளை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன். வெட்கம் என்ன வெட்கம்!

“அடுத்தது நீதானே? வா உள்ள” என்றார் அவர்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். சந்தையில் அத்தனை பேரிடமும் வாயாடுகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவர் “சாப்பிட்டியா?” என்றார்.

அப்போது தாழ்வாரத்திலிருந்து கேட்டது.

“ஃபிரா! சோம்பேறி! ஓட்டை வாளி! பாத்திரம் தேய்க்காத தண்டம்! உன்னை மாதிரி ஒரு எருமையை நான் பார்த்ததே இல்ல!”

தட்டுத் தடங்கல் இல்லாமல் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

அவ்ஷலோம் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்த எழுந்தார்.

“சாத்தாதீங்க” என்றேன். “அவ எங்க வீட்டு ஆளு.”