வேலிக்குள் ஒரு கிணறு

ஊரில் சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலம். புலம்பெயர்ந்து வந்த நாங்கள் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கியிருந்தோம். இந்த நாட்டில் ஆங்கிலேயர் அமைத்த முதல் குடியேற்றத்தை அட்டையில் செய்துவரும்படி மகளின் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். வேலி, தேவாலயம், சோள வயல் எல்லாம் அவளே ஒட்டினாள்.

“வெறுங்காட்டிலதான் வந்து இருந்தவையாம்” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருகோணமலையில் எங்கள் வயலையும் வெறுங்காடு என்று சொல்லித்தான் அரசாங்கம் வெளியாரின் குடியேற்றத்துக்குப் பிரித்துக் கொடுத்தது. வேலிக்குள் ஒரு கிணற்றை ஒட்டினேன்.

“இது ஆர் கிண்டினது, அம்மா?”

“அவை வாறதுக்கு முந்தி இருந்த சனம்.”

அவள் எங்கள் புதுவீட்டுத் தரையைப் பார்த்தாள்.

“அப்ப, இஞ்ச ஆர் இருந்தவை?”

“கதையாமல் ஒட்டு” என்று அதட்டினேன்.